மழையில் சைக்கிளும் என் கட்டைவிரலும்

1. குடை போன வழி

தபால் வேலைக்குச் சேர்ந்து முதல் மழை பெய்த நாளில், ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சைக்கிள் ஓட்டினேன். அப்படி ஓட்ட முடியும் என்று எனக்கு யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. மக்காச்சோளக் காட்டுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. குடை புரண்டு பக்கத்திலிருந்த கரும்புத் தோட்டத்துக்குள் போனது. குடையைப் பிடிக்கப் போய் நானும் சைக்கிளோடு பின்னாலேயே போனேன்.

தபால் பைக்கு ஒன்றும் ஆகவில்லை. உர மூட்டைக்குள் வருமே பிளாஸ்டிக் உறை, அதில் சுற்றிக் கேரியரில் இறுக்கிக் கட்டியிருந்தேன். தலையில் கரும்புச் சோகையும் புடவை முழுக்கச் செம்மண்ணுமாக ஆபீசுக்குத் திரும்பினேன். எங்கள் போஸ்ட் மாஸ்டர் முதலில் பையைப் பார்த்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார்.

"தபால் நனைஞ்சிதா?"

"இல்ல சார்."

"அப்ப சரி. நீ நனைஞ்சா காஞ்சிடுவம்மா. தபால் நனைஞ்சா காயாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? ஆனால் வேலைக்குப் புதுசு, வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டது மட்டுமில்லை, அந்த வார்த்தையை வேதவாக்காகவும் எடுத்துக்கொண்டேன். தபால் காய்ந்திருந்தால் போதும், நான் நனைவது வேலைக்குச் சம்பந்தமில்லாத என் சொந்தப்பாடு என்று பல மழைக்காலம் ஓட்டினேன். அது தப்பு என்று ஒரு நவம்பர் மாதத்தில் தெரிந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. ஊருக்குள் தார் ரோடு. ஊரைத் தாண்டினால் வயலுக்கு நடுவே ஒவ்வொரு வீடாகத் தள்ளித் தள்ளி இருக்கும் காட்டுக்கொட்டாய்கள். அங்கேயெல்லாம் மண் பாதை, வரப்பு, நடுவில் ஒரு ஓடை. இப்போது வேலைக்கு வரும் பெண்கள் ஸ்கூட்டியில் வருகிறார்கள். மழை பிடித்த மறுநாளே ஸ்கூட்டி சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது என்னிடம் வந்து, "அக்கா, உங்க சைக்கிள குடுங்கக்கா, மழைல எப்பிடிக்கா ஓட்டுனீங்க?" என்று கேட்கிறார்கள். சைக்கிளைக் கொடுப்பது சுலபம். எப்படி ஓட்டினேன் என்பதைச் சொல்லத்தான் நேரம் பிடிக்கும்.

2. கோட்டுக்குள் பெய்த மழை

குடை போன பிறகு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் ரெயின்கோட் வாங்கினேன். கடைக்காரப் பையன் அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றியே காட்டினான். "ஒரு சொட்டு உள்ள போவாதுக்கா. கேரண்டி."

அவன் சொன்னது சத்தியம். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உள்ளே இருந்து ஒரு சொட்டு வெளியேயும் போகவில்லை. கழுத்து வரை பட்டனைப் போட்டுக்கொண்டு மேட்டில் மிதித்தேன் பாருங்கள், ஆபீஸ் போய்ச் சேர்ந்து கோட்டைக் கழற்றினால் ரவிக்கையைப் பிழியலாம் போல இருந்தது. அடுத்த சந்தைக்குப் போகும்போது கோட்டைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன்.

"இன்னாப்பா கேரண்டி? உள்ளல்லாம் எப்பிடி நனஞ்சிருக்குது பாரு."

அவன் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தான். "அது மழை இல்லக்கா. நீங்கதான்."

கடையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். மேட்டில் ஏறும்போது கழுத்துப் பட்டனையும் அக்குள் பக்கத்தையும் திறந்து விட வேண்டும். இறக்கத்தில் மூட வேண்டும். மழை பிடித்தால் எல்லாரும் வேகமாக மிதிப்பார்கள். நான் சொல்கிறேன், மெதுவாக மிதியுங்கள். வேகமாக மிதித்தால் மழை கம்மி ஆகாது, வியர்வைதான் ஜாஸ்தி ஆகும். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள், தண்ணீர் உள்ளே நுழைவது எப்போதும் பிடரி வழியாகத்தான்.

கோட்டின் தொப்பியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதனால் நான் சாக இருந்தேன். பின்னால் ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தால், தலை திரும்புகிறது, தொப்பி திரும்பவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் தொப்பியின் உள்பக்கம். பஸ் என் முழங்கையை உரசிக்கொண்டு போனது. கண்டக்டர் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "வூட்ல சொல்ட்டு வந்தியா?" என்று கத்திவிட்டுப் போனான். அன்றிலிருந்து முதலில் நெற்றிக்கு மறைப்பு வைத்த ஒரு துணித் தொப்பி, அதன்மேல்தான் கோட்டுத் தொப்பி. இரண்டையும் ஹேர்பின் போட்டுச் சேர்த்துக் குத்திவிடுவேன். தலை திரும்பினால் அதுவும் திரும்பும். கண்ணிலும் தண்ணீர் அடிக்காது.

புடவையை விட்டுச் சுடிதாருக்கு மாறியதும் மழையால்தான். நனைந்த புடவை காலைக் கட்டும், செயினில் சிக்கும், ஊரார் கண்ணையும் இழுக்கும். முன் மட்கார்டின் அடியில் பழைய டியூபை வெட்டித் தொங்கவிட்டேன், சேறு காலில் அடிப்பது நின்றது. சைக்கிளை எங்கே நிறுத்தினாலும் சீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிவிடுவேன். அதை மறந்த நாளில் மேலே எவ்வளவு காய்ந்திருந்தாலும் பிரயோசனமில்லை, உட்கார்ந்த இடம் சொல்லிவிடும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டபின் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே வந்துவிட்டது. மழையை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

3. கேங்மேன் வீட்டில்

ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டாயில் கோவிந்தசாமி இருந்தார். ரயில்வேயில் தண்டவாளத்தைப் பழுது பார்க்கும் கேங்மேனாக வேலை பார்த்து ரிடையர் ஆனவர். ஊரில் எல்லாரும் கேங்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். கூடவே மனைவி அஞ்சலை, இரண்டு மாடு, கொஞ்சம் மரவள்ளி. மகன் திருப்பூரில். மனிதருக்கு வாய் ஜாஸ்தி. தண்டவாளத்தில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை, மெதுவாகப் பேசத் தெரியாது.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை, நவம்பர் மாதத்தில், தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பென்ஷன் நின்றுவிடும். முன்னொரு வருஷம் கேங்மேன் அந்த மாதம் முழுக்கக் காய்ச்சலில் கிடந்து, போகாமல் விட்டுவிட்டார். பென்ஷன் நின்றது. மறுபடி வர மாதக்கணக்கில் ஆனது. சர்க்கரை நோய்க்காரர், அந்த மாதங்களில் மாத்திரையைப் பாதிப் பாதியாக உடைத்துப் போட்டிருக்கிறார். மகனிடம் கேட்க ரோஷம். காலில் இருந்த புண் முற்றி, முட்டிக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாகிவிட்டது. இந்த விஷயத்தை அஞ்சலை என்னிடம் வேலியோரமாக நின்று சொன்னார். கேங்மேன் ஒருநாளும் சொன்னதில்லை.

அதன்பிறகு இந்த வேலையைத் தபால்காரர்களே வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று வந்தது. ஒரு செல்போனும், உள்ளங்கை அளவு ரேகை மிஷினும் கொடுத்தார்கள். முதலில் தபால்காரர் தன் விரலை வைத்துத் தான் யாரென்று காட்ட வேண்டும். அப்புறம் பென்ஷன்காரர் விரல் வைப்பார். பச்சை டிக் வந்தால் வேலை முடிந்தது, சிவப்பு வந்தால் ரேகை சேரவில்லை என்று அர்த்தம். முகத்தைக் காட்டினாலே போதும் என்கிற முறை அப்போது எங்கள் பக்கம் வரவில்லை.

அந்த வருஷம் நவம்பர் கடைசி வாரம் மழை விடவே இல்லை. ஓடையில் முழங்கால் தண்ணீர், எந்த ஆட்டோவும் இறங்காது. ஒற்றைக் காலோடு அவர் எங்கே போவார்? நான்தான் போக வேண்டும். மாதம் முடிய ஒருநாள் இருக்கும்போது சைக்கிளை ஓடையில் தூக்கிக் கடந்து போனேன். மிஷினையும் போனையும் தனித்தனிப் பையில் போட்டு, துண்டில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்து, அந்த டிபன் பாக்ஸை உர உறையில் கட்டி எடுத்துப் போயிருந்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை.

என் கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு. துடைத்து வைத்தேன். சிவப்பு. விரலைத் திருப்பிப் பார்த்தால், மழையில் ஊறி, தோல் சுருங்கி, உலர்ந்த திராட்சை மாதிரி இருந்தது. ரேகை இருந்த இடத்தில் சுருக்கம்தான் இருக்கிறது. பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன். எல்லாம் சிவப்பு.

கேங்மேன் கட்டிலில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா தபால்காரம்மா? நான் உயிரோட கீறனான்னு பாக்க வந்துட்டு, நீ செத்துட்ட போலகீது?"

"இருங்க, விரல் காயட்டும்."

"காயட்டும், காயட்டும். மழையும் வுடட்டும், ஓடையும் வத்தட்டும்."

விரல் காய்வதற்குள் மின்சாரம் போனது. கொஞ்ச நேரத்தில் டவரும் படுத்துவிட்டது. போனில் சிக்னல் ஒரு கோடும் இல்லை. "நாளைக்குக் கண்டிப்பா வர்றன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் பின்னால் கத்தியது ஓடை வரைக்கும் கேட்டது.

4. மஞ்சள் கையுறை

அன்று சாயங்காலமே கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறிப் போய், பாத்திரம் கழுவுகிறவர்கள் போடும் நீளமான ரப்பர் கையுறை வாங்கினேன். மஞ்சள் நிறம். கைதானே நனைகிறது, கையை மூடிவிட்டால் போயிற்று என்று கணக்கு. ராத்திரி அதை மாட்டிப் பார்த்துக்கொண்டு எனக்கே ஒரே பெருமை.

மறுநாள் மாதத்தின் கடைசி நாள். மழை இன்னும் பலமாக இருந்தது. கோட்டின் கையின்மேல் கையுறையை முழங்கை வரைக்கும் இழுத்து மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஓடைக்கு முன்னாலேயே விரல் நுனியில் ஏதோ சளக் சளக் என்றது. வியர்வையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

கொட்டாயில் இறங்கிக் கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தால், டம்ளரிலிருந்து கொட்டுகிற மாதிரி தண்ணீர் கொட்டியது. ஹேண்டில்பாரைப் பிடித்து ஓட்டும்போது கை தோளிலிருந்து கீழ்நோக்கித்தானே இருக்கும்? தோளில் விழுந்த மழையெல்லாம் கோட்டுக் கையில் வழிந்து, நேராகக் கையுறைக்குள் இறங்கியிருக்கிறது. வந்த வழி முழுக்க நான் விரல்களைத் தண்ணீரில் ஊறப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். முதல் நாள் திராட்சை என்றேனே, அன்றைக்கு அதைவிட மோசம். வெளுத்துப்போய், தொட்டால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

வைத்தேன். சிவப்பு. என் புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

போனில் சிக்னல் ஒரே ஒரு கோடு. மின்சாரம் காலையிலிருந்தே இல்லை. டவர் எந்த நேரமும் படுக்கும். படுத்தால் அவ்வளவுதான், மாதம் முடிந்தது.

கேங்மேன் கத்துவார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அந்தத் தொண்டையிலா இப்படி ஒரு சத்தம் என்கிற மாதிரி மெதுவாகப் பேசினார்.

"அம்மா, போன தபா பென்ஷன் நின்னப்ப காலு போச்சி. இந்த தபா நின்னா இன்னா போவும்னு ராவெல்லாம் யோசிச்சிக்கினு கெடந்தன். தூக்கமே இல்ல."

துண்டை எடுத்து விரலைத் தேய்த்தேன், தேய்த்தேன், தோல் எரிகிற வரைக்கும் தேய்த்தேன். மாதாவே, இந்த ஒரு விரலை மட்டும் காய வைத்துக் கொடு என்று வேண்டிக்கொண்டேன். எல்லா மழையிலும் காப்பாற்றிய தபால் எல்லாம் என் கண் முன்னால் வந்து போனது. அதில் ஒன்றாவது இவ்வளவு முக்கியமாக இருந்திருக்குமா என்று தெரியவில்லை.

5. உப்பு ஒத்தடம்

அஞ்சலை எழுந்து அடுப்படிக்குப் போனார். விறகைத் தள்ளி, வாணலியை வைத்து, கல்லுப்பை அள்ளிப் போட்டு வறுத்தார். வெட்டிய காலில் வலி எடுக்கும்போது கேங்மேனுக்குத் தினமும் உப்பு ஒத்தடம் கொடுப்பது அவர் வழக்கம். பழைய வேட்டித் துணியில் சூடான உப்பைக் கொட்டி, இரண்டு முடிச்சாகக் கட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தா, ரெண்டு கைலயும் புடி. தேய்க்காத. தேய்ச்சா தோலு போய்டும். சும்மா புடிச்சிக்கினு இரு."

"நேரம் இல்லீங்க, டவர் போய்டும்."

"போனா போவுது, நீ புடி மொதல்ல."

பிடித்தேன். சூடு உள்ளங்கைக்குள் இறங்கியது. அஞ்சலை ஒரு முடிச்சு ஆறியதும் அடுத்த முடிச்சைக் கொடுத்தார், அது ஆறியதும் மறுபடி முதல் முடிச்சை வாணலியில் போட்டுச் சூடு பண்ணிக் கொடுத்தார். கேங்மேன் என் போனைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அந்த ஒரு கோட்டையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, "கோடு கீது, கோடு கீது" என்றார். ரயிலுக்குப் பச்சைக் கொடி காட்டும்போதுகூட மனிதர் இவ்வளவு கவனமாக இருந்திருக்க மாட்டார்.

முடிச்சைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தபோது விரலில் சுருக்கம் தளர்ந்திருந்தது. இழுத்துப் பார்த்தால் கோடுகள் மங்கலாகத் தெரிந்தன. தலைமுடியில் ஒருமுறை தடவிக்கொண்டேன், கொஞ்சம் எண்ணெய்ப் பசை இருந்தால் மிஷின் பிடிக்கும். வைத்தேன். சக்கரம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பேருமே மூச்சு விடவில்லை.

பச்சை.

"அய்யா, கைய குடுங்க, சீக்கிரம்!" என்று கத்தியது நான்தான். அவர் விரலைப் பிடித்து அழுத்தினேன். மண்வெட்டியும் சம்மட்டியும் பிடித்த விரல், அது வேறு என்ன பண்ணுமோ என்று பயம். ஆனால் அந்த விரல் முதல் தடவையே ஏறியது. பச்சை டிக். திரையில் அவர் பேரும், ஏற்றுக்கொள்ளப்பட்டது என்கிற வரியும் வந்தன.

அப்பாடா! அந்தக் கொட்டாயில் அன்றைக்கு நான் விட்ட பெருமூச்சு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேங்மேன் போனை என்னிடம் கொடுக்காமல் அந்த டிக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பழைய தொண்டை திரும்பி வந்தது. "அடியே, தபால்காரம்மாவுக்கு காப்பி வையி! செத்துப் பொழச்சி வந்துகீது!"

வரக்காப்பி குடித்து முடிப்பதற்குள் டவர் போய்விட்டது. மூன்று பேரும் போனைப் பார்த்துச் சிரித்தோம். திரும்பி வரும்போது நான் கோட்டைப் போட்டுக்கொள்ளவே இல்லை. மடித்துக் கேரியரில் வைத்துவிட்டு, மழை முழுவதையும் தலையில் வாங்கிக்கொண்டு ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் நனைந்ததே இல்லை.

ஆபீசில் போஸ்ட் மாஸ்டர் என்னைப் பார்த்ததும், "தபால் நனைஞ்சிதா?" என்று தொடங்கினார்.

"தபால் காஞ்சிருக்குது சார். நான்தான் நனைஞ்சிட்டன். நீங்க சொல்ற மாதிரி நான் சும்மா காயல சார், காய ஒரு வாணலி உப்பு ஆச்சி" என்று நடந்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் தன் நாற்காலியில் போட்டிருந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அடுத்த மழையில் நான் உள்ளே நுழையும்போது அவர் கேட்ட முதல் கேள்வி, "கை காஞ்சிருக்குதாம்மா?"

6. எண்ணெய் கேன்

எங்கள் ஊர் பரோட்டாக் கடையில் காலியான ஐந்து லிட்டர் எண்ணெய் கேன்கள் கிடக்கும். இரண்டை வாங்கி வந்தேன். அடிப்பாகத்தை அறுத்தேன், வாய்ப்பக்கத்தில் ஹேண்டில்பார் நுழையும் அளவுக்கும் பிரேக் கம்பி நுழையும் அளவுக்கும் வெட்டினேன். ஹேண்டிலில் சொருகி, டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினேன். இப்போது கை வெறுங்கைதான், ஆனால் கேனுக்குள். மழை கேனின்மேல் அடிக்கும், காற்று மட்டும் உள்ளே வரும். பிரேக்கைப் பிடிக்கலாம், பெல்லை அடிக்கலாம். கோட்டுக் கையின் நுனியில் ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் வழிகிற தண்ணீர் மணிக்கட்டோடு சொட்டிவிடும்.

ஊரில் யார் சிரிக்கவில்லை? "எண்ணெய் எவ்ளோக்கா?" என்று டீக்கடையிலிருந்து கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். சிரித்தவர்களில் ஒரு பால்காரர் அடுத்த வாரமே அவர் சைக்கிளில் இரண்டு கேன் மாட்டிக்கொண்டு வந்தார்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மழையில் தலையிலிருந்து கால் வரைக்கும் யாராலும் காய்ந்து போக முடியாது. அதற்கு ஆசைப்படாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் எது காய்ந்திருந்தால் வேலை நடக்கும் என்று கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். அதை மட்டும் காப்பாற்றுங்கள், மற்றது நனைந்தால் நனையட்டும். தபால் முக்கியம்தான். ஆனால் அதைக் கொண்டுபோகிற நீங்களும் அந்த வேலையில் ஒரு பாகம், பையைக் கட்டுகிற அக்கறையில் பாதியாவது உங்களுக்கும் செலவு பண்ணுங்கள்.

அடுத்த நவம்பரும் மழைதான். மாதம் பிறந்த முதல் வாரத்திலேயே கேங்மேன் வீட்டுக்குப் போனேன். என் சைக்கிளைப் பார்த்ததும் கட்டிலிலிருந்தே சத்தம் போட்டார்.

"இன்னா தபால்காரம்மா, கடலெண்ண வியாபாரமா?"

"பேசாம கைய தொடச்சிக்கினு வாங்க" என்று சொல்லிவிட்டு, மிஷினை வெளியே எடுத்தேன். அஞ்சலை முன்னெச்சரிக்கையாக அடுப்பில் வாணலியை ஏற்றியிருந்தார். கேனிலிருந்து எடுத்த என் கட்டைவிரல் காய்ந்து, கோடு கோடாக இருந்தது. வைத்தேன். பச்சை. அவர் வைத்தார். பச்சை.

கேங்மேன் கொஞ்ச நேரம் அந்த டிக்கைப் பார்த்தார். பிறகு அடுப்படிப் பக்கம் திரும்பி, ஓடை வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"அஞ்சல, உப்ப எறக்கிட்டு காப்பிய வையி! ரெண்டு பேருமே உயிரோடத்தான் கீறோம்!"